கடலோரத்துக்கு மழை சொன்ன வாரம்

ஆனையூர் பஞ்சாயத்து ரேடியோ சாயங்காலம் ஆறு மணிக்குப் பாடத் தொடங்கும். கண்மாய்க் கரைக்குக் கீழே ஓடு வேய்ந்த ஒற்றை அறை, அதன் நெற்றியில் ஒரு குழாய் ஸ்பீக்கர். ஆபரேட்டர் சின்னக்கருப்பன் பூட்டைத் திறந்து, பெட்டியின் மேல் போர்த்திய துண்டை எடுத்து உதறி, குமிழைத் திருகினால் ஊர்க்கோடி வரைக்கும் கேட்கும். பாட்டுக்கு ஒரு கூட்டம் வரும். விவசாய நிகழ்ச்சிக்கு ஒரு கூட்டம் வரும். செய்திக்குக் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். செய்தியும் முடிந்து வானிலை அறிக்கை ஆரம்பித்தால் எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ரெண்டு வருஷமாகக் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கிற ஊரில் வானிலையைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

செல்லக்கிளி அப்போதுதான் வந்து உட்காருவாள்.

டவுனுக்குள் வீடு கட்டுகிற இடத்தில் அவளுக்குச் சித்தாள் வேலை. கைகால் கழுவியும் போகாத சிமெண்டுப் பூச்சு முழங்கையில் வெள்ளையாகத் தெரியும். ரேடியோ அறைக்கு எதிரே யாரோ போட்டுவிட்டுப் போன சிமெண்டுக் குழாயின் மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்பாள். வட கடலோர மாவட்டங்கள், தென் கடலோர மாவட்டங்கள், மன்னார் வளைகுடா, குமரிக் கடல். ஒன்றும் முழுசாகப் புரியாது. ஆனால் அந்தப் பெயர்களைக் கேட்கும்போது வெயிலில் நடந்து வந்தவள் குளிர்ந்த தண்ணீரில் காலை விட்டதுபோல் இருக்கும்.

அவள் புருஷன் சங்கிலி வைகாசியில் மண்டபத்துக்குப் போனான். வயல் வேலை அடியோடு அற்றுப்போயிருந்தது. இறால் பிடிக்கிற விசைப்படகுகளுக்கு ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு, மாற்றுத்துணி ஒன்றை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு ரயிலேறினான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். மாதம் ஒரு கடுதாசி போடுவான். செல்லக்கிளிக்கு எழுத்து தெரியாது என்பதால் சின்னக்கருப்பன்தான் படித்துச் சொல்வார். அவரும் அதே தெருக்காரர், உறவில் அவளுக்கு அண்ணன் முறை.

'கரையோரத்தில் தண்ணீர் பச்சையாக இருக்கும். கொஞ்ச தூரம் போனால் நீலம். அதற்கும் அங்கே போனால் கறுப்பு. கறுப்புத் தண்ணீருக்கு வந்துவிட்டால் படகில் யாரும் சத்தமாகப் பேசுவது இல்லை' என்று ஒரு கடுதாசியில் எழுதியிருந்தான். இன்னொன்றில், படகு ஓட ஓடப் பக்கத்திலேயே பன்றி மாதிரி மூஞ்சியுள்ள பெரிய மீன்கள் துள்ளிக் குதித்து வருமென்றும், அவற்றை யாரும் பிடிக்க மாட்டார்களென்றும் இருந்தது. செல்லக்கிளி அந்த வரிகளை மனப்பாடமாக வைத்திருந்தாள். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறும்போது பச்சையில் ஒரு படி, நீலத்தில் ஒரு படி, கறுப்பில் ஒரு படி என்று மனசுக்குள் வைத்து ஏறுவாள்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, செய்தி வாசித்த அம்மாளின் குரல் வழக்கத்தைவிட நிதானமாக இருந்தது.

"வரும் வாரத்துக்கான வானிலைக் கண்ணோட்டம். தென்கிழக்கு வங்கக் கடலில் உருவாகியுள்ள காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி மேலும் வலுப்பெற்று மேற்கு நோக்கி நகரக்கூடும். இதன் காரணமாக வாரத்தின் பிற்பகுதியில் தமிழகக் கடலோர மாவட்டங்களில் பரவலாகவும், உள் மாவட்டங்களில் ஆங்காங்கேயும் மழை பெய்யலாம். தென் கடலோரத்தில் பலத்த காற்று வீசக்கூடும்."

எழுந்து நடந்துகொண்டிருந்த அழகுமலை அப்படியே நின்றார். பத்துக் குழி நிலத்தை ரெண்டு வருஷமாக உழாமல் போட்டு வைத்திருக்கிறவர்.

"எலே சின்னக்கருப்பா, உள் மாவட்டம்னா நம்மளும் அதுல சேத்தியா?"

"நாமதேன். கடலு இல்லாத ஊரெல்லாம் உள் மாவட்டந்தேன்."

"மழைன்னு சொன்னாகளா? காதுல சரியாத்தேன் விழுந்துச்சா?"

"பரவலா கடலோரத்துக்கு. நமக்கு ஆங்காங்கே."

"ஆங்காங்கேன்னா ஒரு ஆங்கு நம்ம ஊரா இருக்கட்டும்!" என்று அழகுமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து வானத்தைப் பார்த்து வீசினார். இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். செய்தி தெருத்தெருவாக ஓடியது. அரை மணி நேரத்தில் யார் வீட்டிலோ ஏர்க்காலைத் தட்டிச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது.

செல்லக்கிளி குழாயின் மேலேயே இருந்தாள். தென் கடலோரத்தில் பலத்த காற்று. மற்றவர்கள் காதில் விழுந்தது மழை. அவள் காதில் விழுந்தது காற்று.

மறுநாள் கிழக்கிலிருந்து ஈரக்காற்று வர ஆரம்பித்தது. கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நின்றிருந்த செல்லக்கிளியின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. இத்தனை நாள் மேற்கிலிருந்து புழுதியைச் சுமந்து வந்த காற்று இல்லை இது. நுனி நாக்கில் லேசாக உப்புக் கரிப்பதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையில் அது அவள் வியர்வையாக இருக்கலாம். அவள் கிழக்கே பார்த்தாள். வைகையாற்று மணல், தென்னைகள், கோயில் கோபுரங்கள், அதற்கப்பால் வெளுத்த வானம். அந்த வானத்துக்கு அடியில் நாகப்பட்டினமும் வேதாரண்யமும் தொண்டியும் பாம்பனும் தூத்துக்குடியும், குழாயடியில் குடத்தோடு நிற்கிற பெண்கள் மாதிரி வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொண்டாள். காற்று ஒவ்வொருத்தி தலைமுடியையும் கலைத்துவிட்டு அடுத்தவளிடம் போகிறது. அந்த வரிசையில் எந்த இடத்தில் சங்கிலி நிற்கிறான்?

"ஏத்தா கிளி! நின்னுக்கிட்டே ஒறங்குறியா? கலவை இறுகுது!" என்று கொத்தனார் வெள்ளைத்துரை கத்திய பிறகுதான் அவள் கண்ணை விலக்கினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமியார் சோணையம்மாள் கடுதாசியோடு வாசலிலேயே காத்திருந்தாள். இருவரும் ரேடியோ அறைக்குப் போனார்கள். சின்னக்கருப்பன் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படித்தார். நலம், நலமறிய ஆவல், ஆட்டுக்குட்டி எப்படி இருக்கிறது எல்லாம் முடிந்து கடைசியில் இருந்தது அந்த வரி.

'வருகிற வாரம் ஆழக்கடலுக்குப் போகிறோம். திரும்ப நாலைந்து நாள் ஆகும். கறுப்புத் தண்ணீரையும் தாண்டி. கிளியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்.'

சின்னக்கருப்பன் கடுதாசியின் தேதியைப் பார்த்தார். போன வியாழக்கிழமை எழுதியது. அவன் சொன்ன வாரம் இந்த வாரம்தான். அவர் கடுதாசியை மடித்துக் கொடுத்தார். சோணையம்மாள் மட்டும், "அவன் போயி எம்புட்டு மீனுதேன் பிடிப்பான் பாப்போம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை அறிக்கையில் தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாகிவிட்டது. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தது.

"கூண்டுன்னா என்னண்ணே? பறவைய அடைப்பாகளே, அதுவா?"

"அப்பிடித்தேன் இருக்கும். கம்பத்துல ஏத்துவாகளாம். நானும் பாத்ததில்ல தாயி."

செல்லக்கிளிக்கு அந்தக் கூண்டுக்குள் என்ன பறவை இருக்கும் என்று யோசனை ஓடியது. மேகத்தைப் பார்த்துக் கத்துகிற ஏதோ ஒன்று. படகில் இருக்கிறவர்களுக்கு அது கத்துவது கேட்குமா? கறுப்புத் தண்ணீர் வரைக்கும் கேட்குமா?

மறுநாள் விடியும்போது வீட்டில் சோணையம்மாள் ஓலைக் கொட்டானில் மூடி வைத்திருந்த விதைநெல்லை எடுத்து முறத்தில் பரப்பி ஊதிக்கொண்டிருந்தாள். விலைக்கு வாங்கி, பதினோரு மாதமாக அடுப்புக்குப் போகாமல் காப்பாற்றிய நெல். புறம்போக்கில் பட்டா கிடைத்த அரை ஏக்கர் அவர்களுக்கு உண்டு. அவர்கள் வம்சத்தில் சொந்தமாக உழுத முதல் நிலம்.

"மழ விழுந்தா கருப்பசாமிக்குப் பொங்க வைக்கிறேன்னு நேந்திருக்கேன். நீயும் கையெடுத்துக் கும்பிட்டுக்க கிளி."

செல்லக்கிளி கும்பிடவில்லை. தண்ணீர்ப் பானையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கண்மாய்க்குள் இறங்கி நின்றாள். தரை ஓடு ஓடாகப் பிளந்து கிடந்தது. கிழக்கே ஊதா நிறத்தில் ஒரு மேகம் சுவர் எழுப்புவதுபோல் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் காய்ந்த கண்மாயே கடல் மாதிரி தெரிந்தது. வெடிப்புகள் எல்லாம் அலைகளாகி நகர்ந்தன. நடுவில் ஒரு படகு, அதில் முதுகு காட்டி ஒருத்தன். "வராத," என்று அவள் மேகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். "அங்கிட்டே நில்லு. வராத."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் எலும்பு தெரிகிற மாடு ஒன்று காய்ந்த கோரையை முகர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாள். உடம்பு கூசிப்போனது. ஊர் முழுக்க வா வா என்று அழைக்கிறதை அவள் ஒருத்தி வராதே என்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு கரையேறினாள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அடித்த காற்றில் எங்கோ கம்பம் சாய்ந்து மின்சாரம் போய்விட்டது. சாயங்காலம் ரேடியோ அறை இருட்டாகக் கிடந்தது. செல்லக்கிளி அதன் கதவில் கைவைத்து நின்றாள். சின்னக்கருப்பன் அவளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, சைக்கிளை எடுத்தார்.

"பரவையில நம்ம மாப்ள பேச்சிமுத்து கடையில பேட்டரி ரேடியோ இருக்கு. கேட்டுட்டு வாரேன். நீ வீட்டுக்குப் போ."

அவர் திரும்பியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. செல்லக்கிளி வீட்டுக்குப் போகாமல் சிமெண்டுக் குழாய்க்குள் புகுந்து உட்கார்ந்திருந்தாள். சின்னக்கருப்பன் சைக்கிளை விட்டு இறங்காமல் காலை ஊன்றி நின்றபடி, "ஒண்ணுமில்ல தாயி. அங்கன கொஞ்சம் மழ, அம்புட்டுத்தேன்" என்றார்.

"அண்ணே, ரேடியோவுல சொன்னபடிக்கே சொல்லுங்க."

"அதுதேன் சொன்னேனே."

"இது உங்க பேச்சு. ரேடியோ இப்பிடியா பேசும்?"

சின்னக்கருப்பன் சைக்கிளை நிறுத்தினார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, வாசிக்கிற அம்மாளின் அதே நிதானத்தோடு சொன்னார்:

"தென்மேற்கு வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள தாழ்வு மண்டலம் புயலாக மாறக்கூடும். நாளை மாலை அல்லது மறுநாள் காலை பாம்பனுக்கும் தொண்டிக்கும் இடையே கரையைக் கடக்கலாம். கடல் மிகுந்த சீற்றத்துடன் காணப்படும். ஆழ்கடலில் உள்ள மீனவர்கள் உடனடியாகக் கரை திரும்புமாறு எச்சரிக்கப்படுகிறார்கள்." அவர் மறுபடியும் முகத்தைத் துடைத்தார். "இம்புட்டுத்தேன் தாயி. ஒரு சொல்லு விடல."

செல்லக்கிளியின் பின்னால் சோணையம்மாள் நின்றிருந்தாள். மருமகளைத் தேடி வந்தவள். தூறலில் நனைவதற்காகத் தலையில் முந்தானை போடாமலே வந்திருந்தாள், ரெண்டு வருஷ ஆசை. கடைசி வரியைக் கேட்டதும் அவள் கை தானாக முந்தானையை இழுத்துத் தலையை மூடியது.

"நாந்தேன் கும்பிட்டேன்," என்றாள். "மழ மழன்னு நாந்தேன் அந்தச் சாமி உசிர எடுத்தேன். இப்ப எம்புள்ள உசிர எடுக்கப் போகுதா?"

"அத்தே, நான் வேணாம் வேணாம்னுதேன் கும்பிட்டேன். அதையும் அது கேக்கல."

இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்த ரெண்டு வருஷத்தில் இப்படி நேருக்கு நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

விடிந்ததும் இருவரும் புளிச்சோற்றை வாழை இலையில் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொன்ன சின்னக்கருப்பனே மதுரை ஜங்ஷன் வரைக்கும் வந்து ராமேஸ்வரம் வண்டியில் ஏற்றிவிட்டார். கரிப்புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து முகத்தில் பூசியது. மானாமதுரை தாண்டியதும் மழை. சாதாரண மழை இல்லை, வண்டியோடு கூடவே ஓடிவருகிற மழை. இருபுறமும் கரிசலும் கருவேலமும் கரைந்து ஒரே சாம்பல் நிறமாகி, வண்டி தரையில் போகிறதா தண்ணீரில் போகிறதா என்று தெரியாமல் ஆகிவிட்டது. தண்டவாளத்தின் தாளத்தில் செல்லக்கிளிக்குக் கண் செருகியது. ரயில் பெட்டி படகாயிற்று. எதிரே குந்தியிருக்கிற வியாபாரிகள் வலையை மடியில் வைத்திருக்கிற மீனவர்களானார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கறுப்புத் தண்ணீருக்கு வந்துவிட்டோமோ என்று திடுக்கிட்டு விழித்தபோது, சோணையம்மாள் அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் இறங்கியபோது பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. காற்று ஆளை நிற்கவிடவில்லை. தென்னைகள் ஒரே பக்கமாகக் குனிந்து கிடந்தன. வீடுகளுக்குப் பின்னால் எதுவோ பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதுதான் கடல் என்று யாரும் சொல்லாமலே செல்லக்கிளிக்குத் தெரிந்தது. ஆனால் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவனைப் பார்த்த பிறகுதான் அதைப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தாள்.

படகுகளை வடம் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் சோணையம்மாள் போய் நின்றாள்.

"ஐயா, ஆழக்கடலுக்குப் போன போட்டெல்லாம் வந்துருச்சுகளா?"

"நேத்து மத்தியானமே எல்லாம் கரைக்கு வந்துருச்சு ஆத்தா. நீங்க எங்கிட்டு இருந்து வாரீக?"

"மருதப் பக்கம், ஆனையூரு. எம்மகன் போட்டுல போறவன். சங்கிலின்னு பேரு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தர் தலையைச் சொறிந்தார். "சங்கிலியா? போட்டுல அப்பிடி ஆளு யாரும் இல்லையே." செல்லக்கிளி மாமியாரின் கையைப் பிடித்தாள். அதற்குள் பின்னாலிருந்த ஒரு நரைத்தலைக்காரர் சிரித்தார். "அட, மருதக்காரப் பய! ஐஸ் கம்பெனிச் சங்கிலியக் கேக்குறாக. அந்தா, தகரக் கொட்டகை. அங்கன உள்ளதேன் கெடப்பான்."

கொட்டகைக்குள் ஐஸ் உருகாமல் மூடி வைக்கிற உமி மூட்டைகள் சுவர்போல் அடுக்கியிருந்தன. உமியின் வாசனையும் மீன் வாசனையும் கலந்த குளிர். சாக்கை மடித்து முக்காடுபோல் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒருத்தன் ஆளுயர ஐஸ் பாளத்தின் முன்னால், அதை உடைக்கிற குத்தூசியோடு நின்றிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

சங்கிலி முதலில் நம்பவில்லை. கண்ணைக் கசக்கினான்.

"ஆத்தா? கிளி? நீங்க எப்பிடி?"

"எலே," என்று சோணையம்மாள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆழக்கடலுக்குப் போறேன்னுல்லடா கடுதாசி போட்ட! நாலு நாளா இவ பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கா. நீ இங்கன நின்னு ஐஸு ஒடைக்கிற!"

சங்கிலி தலையைக் குனிந்தான். மூட்டையின் மேல் உட்கார்ந்து, குத்தூசியைக் காலுக்கிடையில் நட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான். வந்த மறுநாளே படகில் போனானாம். கரை மறைவதற்கு முன்னாலேயே வாந்தி. பிறகு குடலே வெளியே வந்துவிடும் போல. படகுக்காரர்கள் பாதி நாளில் திரும்பி அவனைக் கரையில் இறக்கிவிட்டார்கள். ரெண்டாம் தடவை, மூன்றாம் தடவையும் அதே கதை. நான்காம் தடவை ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப வெட்கம். ஐஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

"அப்ப அந்தக் கடுதாசியெல்லாம்?" என்றாள் செல்லக்கிளி. அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஐஸு ஏத்தப் போறப்ப போட்டுக்காரகள்ட்ட கேப்பேன். எங்கன போனீக, என்னத்தப் பாத்தீகன்னு. அவுக சொல்லுவாக. நான் எழுதிருவேன்."

"பச்ச, நீலம், கறுப்பு?"

"அவுக சொன்னதுதேன்."

"அப்ப அந்தத் தண்ணி பொய்யா?"

சங்கிலி நிமிர்ந்து பார்த்தான். "தண்ணி நெசம் கிளி. நாந்தேன் பொய்யி."

செல்லக்கிளி அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் வெளுத்து, சுருங்கி, ஐஸைத் தொட்டதுபோலவே சில்லிட்டிருந்தன. ஐந்து மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் அவள் நினைப்பிலேயே மிதந்த படகில் இந்தக் கை இருந்ததே இல்லை. கோபம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காத்துப் பார்த்தாள். அது வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிவதற்குள் அழுகை வந்தது. அந்த விரல்களைத் தன் அக்குளுக்குள் வைத்து அணைத்துக்கொண்டாள். சோணையம்மாள் வேறு பக்கம் திரும்பிப் புளிச்சோற்றுக் கட்டைப் பிரித்தாள்.

புயல் அவ்வளவு பெரிதாக வரவில்லை. கரையை நெருங்கும்போதே வலுவிழந்து, தகரங்கள் நாலைந்தையும் தென்னை ஓலைகளையும் பிய்த்துப் போட்டுவிட்டு, மேற்கே மழையாகப் போய்விட்டது. கொட்டகைக்குள் உமி மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் ஒண்டிக்கிடந்தார்கள். மூட்டை இதமாக இருந்தது. கூரைமேல் மழை இடித்துக்கொண்டே இருந்தது. செல்லக்கிளி அந்தச் சத்தத்துக்குள் போய், ரொம்ப நாளைக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை காற்று அடங்கியிருந்தது. சங்கிலி அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தினான். அவள் நினைத்திருந்த எதுவுமாக அது இல்லை. கலங்கி, செம்மண் கரைத்ததுபோல் இருந்தது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. ஆனால் அதற்கு முடிவு இல்லை. அதுதான் அவளை அசைத்தது. கண் போகிற வரைக்கும் போயும் அது முடியாமல் இருந்தது. எதிர்க்கரை என்ற ஒன்றை மறந்துவிட்ட கண்மாய். அவள் நெடுநேரம் நின்றாள். சங்கிலி ரெண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

சனிக்கிழமை ரயிலடியில் மதுரைப் பக்கமிருந்து வந்த ஒருத்தர், அங்கேயெல்லாம் ரெண்டு நாளாகக் கொட்டுகிறதென்றும் கண்மாய்களுக்குத் தண்ணீர் ஓடுகிறதென்றும் சொன்னார். சோணையம்மாளின் முகம் விரிந்தது.

"கெளம்புடா சங்கிலி. நாத்தங்கால் போடணும். அரை ஏக்கருன்னாலும் நம்ம ஏக்கரு. கிளி, அந்தப் பையை எடு."

செல்லக்கிளி பையை எடுக்கவில்லை.

"அத்தே, நான் கொஞ்ச நாளைக்கு இங்கன இருக்கேன்."

"இங்கன இருந்து என்ன செய்யப் போற?"

"இறால் உரிக்கிற வேலைக்குப் பொம்பளையாளு எடுக்குறாகளாம். கேட்டுட்டேன். வரச் சொல்லிட்டாக." சாந்துச் சட்டி சுமந்த உச்சந்தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தை வரைக்கும். அறுப்புக்கு வந்துருவேன் அத்தே. இதை இன்னும் சரியாப் பாக்கல நான்."

"எதை?"

அவள் ரயிலடிக்கு அப்பால் தெரிந்த கடலை நோக்கிக் கையைக் காட்டினாள். கலங்கல் தெளிந்து, கரையோரத்தில் பச்சை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

சோணையம்மாள் மகனைப் பார்த்தாள். பெண்ணொருத்தி கடலைப் பார்ப்பதற்காக வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. திட்டுவதற்கு வாயெடுத்தாள். ரயிலில் தன் மடியில் கிடந்த அந்தக் கை ஞாபகம் வந்ததோ என்னவோ, "நாத்து நட ஆளு வேணுமே" என்று மட்டும் சொன்னாள்.

"நான் வாரேன் ஆத்தா," என்றான் சங்கிலி. "நட்டுக் குடுத்துட்டுத் திரும்பி வாரேன். அதுவரைக்கும் கிளி நரைத்தல அண்ணன் வீட்டுல இருக்கட்டும். அந்த அண்ணி நல்ல மாதிரி."

அப்படியே நடந்தது. நாற்று நட்டு முடித்துக் கார்த்திகைக் கடைசியில் சங்கிலி திரும்பி வந்தான். அதற்குள் செல்லக்கிளி இறால் கொட்டகையை விட்டுவிட்டு, தீவுகளுக்குக் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களோடு சேர்ந்திருந்தாள். விடிந்ததும் வள்ளத்தில் ஏழெட்டுப் பேராகப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாறையிலிருந்து பாசியைப் பறித்துச் சாக்கில் திணித்து, மத்தியானம் திரும்புவார்கள்.

அவன் வந்த மறுநாள் காலை, அவளை வழியனுப்பக் கரைக்கு வந்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவள் சேலையை வரிந்து கட்டி, வள்ளத்தின் விளிம்பில் கைவைத்து ஒரே தாவில் ஏறினாள்.

"உனக்கு வாந்தி வரலையா?"

"ஒரு நாளும் வரல."

"நான் வேணா ஏறிப் பாக்கவா?"

"வேணாம். நீங்க அங்கனயே நில்லுங்க. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

உடன் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வள்ளம் நகர்ந்தது. பச்சை முடிகிற இடத்தில் கோடு கிழித்ததுபோல் நீலம் தொடங்கியது. அவள் கையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்த்தபோது கரையில் சங்கிலி சிறியதாகத் தெரிந்தான். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கையைக் கண்ணுக்குமேல் குடையாகப் பிடித்து நின்றிருந்தான்.